சொன்னவன் தப்பா, கேட்டவன் தப்பா

ஊற்றுமேட்டு மடத்துக்கு மாரப்பன் வந்து சேர்ந்தபோது அவரிடம் ஒரு துணிப்பையும் ஒரு கேள்வியும் இருந்தன. பையை வைக்க இடம் காட்டினோம். கேள்வியைத்தான் எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

வந்த அன்றே குருவிடம் கேட்டுவிட்டார்.

"அம்மா, ஒருத்தன் ஒண்ணு சொல்றான். இன்னொருத்தன் அதை வேற மாதிரிப் புரிஞ்சுக்கிறான். அதனால ஒரு உசுரு போயிருது. சொன்னவன் தப்புங்களா, கேட்டவன் தப்புங்களா?"

"முதல்ல சாப்பிடுங்கண்ணா," என்றார் குரு.

குரு என்றால் தவமணி அம்மா. நாற்பத்திரண்டு வயது. மடத்துக்கு வருமுன் ஏதோ ஒரு பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். மாரப்பனுக்கு ஐம்பத்தெட்டு. குரு சீடரை 'அண்ணா' என்பார், சீடர் குருவை 'அம்மா' என்பார். புதிதாகக் கேட்பவர்களுக்கு உறவுமுறை குழம்பும். எங்களுக்குப் பழகிவிட்டது.

ஒரு வருஷமாக அதே கேள்வி. பதிலும் ஏறக்குறைய அதேதான். சில நாள் குரு 'செடிக்குத் தண்ணி விட்டாச்சா?' என்பார். சில நாள் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கே சில சமயம் எரிச்சல் வரும். பதில் தெரிந்தால் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். குருவாக இருப்பதால் இதிலிருந்து விலக்கு உண்டா என்ன?

நான் மடத்தில் சமையல். சமையலறையில் இருப்பவன் காதுக்கு எல்லார் கதையும் வந்து சேரும். மாரப்பன் தன் கதையை என்னிடம் காய் நறுக்கிக்கொண்டே நாற்பது முறையாவது சொல்லியிருப்பார்.

அவர் அன்னூர்ப் பக்கத்துக்காரர். காட்டு வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் மெஷின் ஆபரேட்டர். சிப்பர் மெஷின். கிளையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் தூளாகத் துப்பும். டயருக்குப் பதில் செயின் பட்டையில் நகர்வதால் மலைச்சரிவிலும் ஏறிவிடும். முன்பக்கம் இரும்பு ரோப்பைச் சுற்றி இழுக்கும் விஞ்சு ஒன்று உண்டு. அதன் ரோப்பைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய், கீழே கிடக்கும் மரத்தில் சங்கிலி சுற்றிக் கொக்கி மாட்ட வேண்டும். மேலே இருப்பவர் லிவரைப் பிடித்தால் மரம் ஏறி வரும். பிடித்திருக்கும்வரை இழுக்கும். கையை விட்டால் அந்த நொடியே நின்றுவிடும்.

லிவர் மாரப்பன் கையில். கீழே போய்க் கொக்கி மாட்டுவது அவருடைய தங்கச்சி ராமாத்தாளின் புருஷன் செல்லப்பன். மாரப்பனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சி வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பாடு.

அவர்கள் வேலையில் இரண்டே வார்த்தைதான். இறங்கும்போது 'கீழ' என்று கத்த வேண்டும். ஏறி வந்து ஒதுங்கி நின்றதும் 'மேல' என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் லிவர்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் கொக்கியை மாட்டி, ஏறி வந்து 'மேல' என்று கத்திய செல்லப்பனுக்குச் சங்கிலி சரியாக விழவில்லை என்று சந்தேகம் வந்தது. மறுபடி இறங்கினார். இறங்கும்போது 'கீழ' என்று சொல்லவில்லை. 'வர்றேன்' என்று சொன்னார்.

நம்மில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. அடுத்த தெருவுக்குப் போகிறவனும் 'வர்றேன்' என்பான், டில்லிக்கு ரயில் ஏறுகிறவனும் 'வர்றேன்' என்பான். செல்லப்பன் சொன்னது அந்த வர்றேன். மாரப்பன் காதில் அது 'உங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறேன்' என்று விழுந்தது. வந்திருப்பார் என்று நினைத்து லிவரைப் பிடித்தார். கீழே புரண்ட மரம் செல்லப்பனை ஒரு அடிக்கட்டையோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

விசாரணையில், கீழே இருந்தவர் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லவில்லை என்று எழுதி முடித்தார்கள். மாரப்பன் மேல் குற்றமில்லை. அதோடு ராமாத்தாள் அவருக்குக் கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் போவார். அவள் ஜன்னலில் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

"சொன்னவன் தப்புன்னு அம்மா ஒரு வார்த்தை சொன்னா, அதை அவகிட்டப் போய்ச் சொல்லுவேன்," என்பார் என்னிடம். "கேட்டவன் தப்புன்னா அவ கால்ல விழுந்துருவேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அந்த வீட்டு வாசப்படியை ஏறணும், அவ்வளவுதான் எனக்கு."

"கேட்டுப் பாருங்க," என்பேன். வேறு என்ன சொல்ல?

புரட்டாசிக் கடைசியில் பெரிய காற்று அடித்தது. மடத்துக்குக் கீழே ஓடை ஓரமாக நின்ற கற்பூர மரங்களில் ஐந்து வேரோடு சாய்ந்து ஓடைக்குக் குறுக்கே விழுந்தன. அதற்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் பதினொன்று இருக்கின்றன. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கின தண்ணீர் ஒரு நாள் மொத்தமாக உடைத்துக்கொண்டு வீடுகள் மேல் இறங்கும். அந்த வீட்டுப் பெண்கள் மேலே வந்து குருவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

குரு யார் யாருக்கோ போன் செய்தார். மூன்றாம் நாள் காலை, வானம் மூட்டமாக இருந்தது, ஒரு செயின் வண்டி கடகடவென்று மேடேறி வந்தது. ஓட்டி வந்தவர் போஜன், கோத்தகிரிக்காரர். அவர் கொண்டுவந்தது சிப்பர்.

மாரப்பன் பீன்ஸுக்குக் கொத்திக்கொண்டிருந்தார். ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மண்வெட்டியோடு சமையலறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்கூட வர வேண்டிய ரெண்டு பேருக்கும் காய்ச்சல் அம்மா," என்றார் போஜன். "அந்தப் பக்கக் கரையில நின்னு மரத்தை நான் அறுத்துக் கொடுக்கிறேன். கொக்கி மாட்ட ஒரு ஆள் வேணும். லிவருக்கு ஒரு ஆள் வேணும். லிவர் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

"இருக்காங்க," என்றார் குரு.

போஜன் வண்டியைப் பாதையில் குறுக்காக நிறுத்தி ரோப்பை அவிழ்க்கத் தொடங்கினார். சமையலறைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஏனுங்க, இப்படிக் குறுக்க நிறுத்தியா இழுக்கப் போறீங்க?"

"பாதை அகலம் இல்லைங்களே," என்றார் போஜன்.

மாரப்பன் எழுந்து வந்தார். "பக்கவாட்டுல இழுத்தா வண்டி கவுந்துரும். அதோட மூக்கு மரத்தைப் பார்த்து இருக்கணும். ரோப்பு நேரா இறங்கணும். அந்தப் பாறைகிட்டத் திருப்பிக்கலாம், வாங்க."

போஜன் திருப்பினார். மாரப்பன் கூடவே நடந்தார்.

"கத்தி ஓடுறப்போ ரோப்பு வெளிய கிடக்கக் கூடாது. முதல்ல இழுக்கற வேலை. அது முடிஞ்சு ரோப்பைச் சுத்தி, கொக்கியை அதோட இடத்துல மாட்டினப்புறம்தான் தூள் அடிக்கிறது. ரோப்போட முனை உள்ள சிக்குச்சுன்னா பக்கத்துல நிக்கிறவனையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போயிரும். இழுக்கறப்போ யாரும் ரோப்பைத் தாண்டக் கூடாது. அது வளையற இடத்துக்கு உள்பக்கம் நிக்கவே கூடாது. அறுந்தா அந்தப் பக்கம்தான் வீசும்."

பேசிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்போ லிவர் நீங்கதானண்ணா," என்றார் குரு.

"மாட்டேனுங்க."

"ஏன்?"

"இந்தக் கை இனி லிவரைத் தொடாதுன்னு சாமி முன்னால சொல்லியிருக்கேனுங்க."

"கீழே பதினோரு வீடு இருக்குண்ணா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாரப்பன் ஓடையைப் பார்த்தார். "கொக்கி மாட்டறது யாருங்க?"

"நான்தான்."

"சேலையோட மெஷின் பக்கம் வரக் கூடாதுங்க," என்றார் மாரப்பன் அவசரமாக. ஒரு சாக்கு கிடைத்த நிம்மதி அந்தக் குரலில் தெரிந்தது.

குரு உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் போஜனின் மாற்று பேண்ட், முழுக்கைச் சட்டை, பூட்ஸ், தலையில் மஞ்சள் ஹெல்மெட் என்று வந்து நின்றார். காவிச் சேலையில் மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. அவரே சிரித்துவிட்டார். மாரப்பன் சிரிக்கவில்லை.

என்னிடம் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்து, யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள் என்று மேட்டுப் பாதையில் நிறுத்தினார்கள். என் கையைக் கரண்டிக்கு மேல் கனமான எதற்கும் யாரும் நம்புவதில்லை. நான் நின்ற இடத்திலிருந்து மெஷினும் தெரியும், ஓடையும் தெரியும்.

குரு ரோப்பின் கொக்கியைத் தூக்கிக்கொண்டு சரிவில் கால் வைத்தார்.

"வர்றேண்ணா," என்றார்.

மாரப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அந்த வார்த்தை வேண்டாமுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். 'கீழ'ன்னு சொல்லுங்க. திரும்பி ஏறி வந்து பாறைக்குப் பக்கத்துல நின்னதும் 'மேல'ன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சரிண்ணா. கீழ!"

முதல் மரம் வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. குரு கொக்கியை மாட்டினார், ஏறி வந்தார், ஒதுங்கினார், "மேல!" என்றார். மாரப்பன் அவரைப் பார்த்தார். அக்கரையில் நின்ற போஜனைப் பார்த்தார். மறுபடி குருவைப் பார்த்தார். அப்புறம்தான் லிவரைப் பிடித்தார். ரோப்பு விறைத்தது. மரம் சேற்றிலிருந்து விடுபட்டு மெள்ள மெள்ள மேலே வந்தது.

இரண்டாவது மரமும் அப்படியே வந்தது. அதற்குள் மாரப்பனுக்குப் பழைய லாவகம் திரும்பிவிட்டது. முகத்தில் ஒரு தெளிவு.

"பார்த்தீங்களாம்மா?" என்றார். "சரியான வார்த்தையைச் சொன்னா ஒண்ணும் ஆகறதில்லை. அன்னிக்கு அவன் மட்டும் 'கீழ'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

குரு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கொக்கியைத் தூக்கிக்கொண்டு, "கீழ!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

இந்த முறை மரத்துக்குப் பக்கத்தில் போனதும் அவரைக் காணவில்லை. ஓடையோரத்துப் பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார் போலிருந்தது.

"மேல!" என்று குரல் வந்தது.

மாரப்பன் லிவரைத் தொடவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"மேல! இழுங்கண்ணா!"

அவர் அசையவில்லை.

"அண்ணா, இழுங்கன்னா இழுங்க! மழை வரப் போகுது!" குருவின் குரலில் கோபம் இருந்தது. டிப்போவில் பஸ்ஸைக் கிளப்பின குரல் அது. வேறு யாராக இருந்தாலும் இழுத்திருப்பார்கள். நானாக இருந்தால் சந்தேகமே இல்லை.

மாரப்பன் லிவரை விட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

குரு பாறைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டு மேலே ஏறி வந்தார். அவர் கொக்கியை மரத்தில் மாட்டவே இல்லை என்பதும், போஜனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார் என்பதும் எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

"நான் கத்தினது காதுல விழலையாண்ணா?"

"விழுந்துச்சுங்க."

"வார்த்தை புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க. மேலன்னீங்க. இழுங்கன்னீங்க."

"சரியான வார்த்தைதானே? அப்புறம் ஏன் இழுக்கலை?"

"நீங்க எங்க நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியலையேம்மா!" மாரப்பனுக்கும் கோபம் வந்துவிட்டது. "வார்த்தையை நம்பி எவனாவது லிவரைப் பிடிப்பானா? ஆளைக் கண்ணால பார்க்க வேண்டாமா?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். வாய் மூடவில்லை.

குரு மெஷினை அணைத்தார். கொண்டுவந்து போட்ட மரத்தின் மேல் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் சுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். யாரும் வாங்கவில்லை.

"எத்தனை வருஷம் லிவர் பிடிச்சீங்கண்ணா?"

"இருபத்திரண்டுங்க."

"எப்பவும் ஆளைப் பார்த்துட்டுத்தான் இழுப்பீங்களா?"

"எப்பவுமுங்க." கொஞ்சம் பொறுத்து, "ஒரு நாள் தவிர," என்றார்.

"அன்னிக்கு என்ன?"

மாரப்பன் செயின் பட்டையின் மேல் உட்கார்ந்தார். என்னிடம் நாற்பது முறை சொன்னபோது சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"காலையில தங்கச்சி வீட்டுல தோசை தின்னுட்டிருந்தோமுங்க. முந்தின நாள் மெஷினைக் கழுவித் தொடைச்சு எண்ணெய் போட்டுட்டு வர நேரமாயிருச்சு. அதைப் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன். மாப்பிள்ளை சிரிச்சான். 'உங்கண்ணன் மெஷினைத் தொடைச்ச நேரத்துல ஒரு பொண்ணைப் பார்த்திருந்தா இந்நேரம் பேரன் எடுத்திருப்பாரு'ன்னான். அவளும் சிரிச்சுட்டா. விளையாட்டாச் சொன்னதுதானுங்க. எனக்கு எங்கியோ குத்திருச்சு. 'உன் வீட்டுச் சோத்தைத் தின்னா இதையும் கேட்கணும்'னு சொல்லிட்டுத் தோசையைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சேன். அவனும் கோவக்காரன். 'தின்னாத் தின்னுங்க, இல்லாட்டிப் போங்க'ன்னுட்டான். எப்பவும் அவன் பைக்குலதான் ரெண்டு பேரும் போவோம். அன்னிக்கு நான் பஸ்ஸுல போனேன்."

"வேலையில?"

"முகம் கொடுத்துப் பேசலைங்க. நானும் பேசலை, அவனும் பேசலை. அவன் மொகத்தைப் பார்க்கறதே இல்லைன்னு இருந்தேன். வீம்புங்க, வேற என்ன? அவன் வர்றேன்னு சொன்னப்போ முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். திரும்பலை. கொஞ்ச நேரம் விட்டு லிவரைப் பிடிச்சேன். அப்பவும் திரும்பலை." உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "பிடிச்சிருக்கற வரைக்கும்தானுங்க அது இழுக்கும். விட்டா நின்னுரும். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா விட்டிருப்பேனுங்க."

ஐம்பத்தெட்டு வயது மனிதர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"விசாரணையில இதைச் சொன்னீங்களா?" என்று குரு கேட்டார்.

"இல்லைங்க. என்ன வார்த்தை சொன்னான்னு கேட்டாங்க. வார்த்தையைச் சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க. எனக்கும் அதுவே சௌகரியமாப் போச்சு."

"தங்கச்சிகிட்ட?"

"அவ அன்னிக்கு ஆஸ்பத்திரியில வெச்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'அண்ணா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?'ன்னு கேட்டா. எனக்கு அது மண்டையிலேயே ஏறலைங்க. 'அவன் வர்றேன்னு சொன்னான் அம்மிணி, அதனாலதான் இழுத்தேன். கீழன்னு சொல்லியிருக்கணும், சொல்லலை'ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருந்தேன். அவ எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டா. அதுக்கப்புறம் பேசலை."

குரு எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"மூணு மரம் மிச்சம் இருக்குண்ணா."

மாரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லிவருக்குப் போனார். அந்த மூன்று மரத்தையும் அவர் இழுத்ததை நான் நன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் குருவைப் பார்த்தார், போஜனைப் பார்த்தார், என்னைக்கூடத் திரும்பிப் பார்த்தார். லிவரைப் பிடித்திருக்கும்போது கண்ணைச் சிமிட்டினாரா என்பதே சந்தேகம். கடைசி மரம் நகர்ந்ததும், அதற்குப் பின்னால் நாலு நாளாக நின்ற தண்ணீர் மெதுவாகக் கீழே இறங்கிப் போனது. லயன் வீட்டுப் பெண் ஒருத்தி கீழேயிருந்து கையை ஆட்டினாள்.

ரோப்பைச் சுற்றிக் கொக்கியை மாட்டி வைத்த பிறகு போஜன் கத்தியை ஓட்டிக் கிளைகளைத் தூளாக்கினார். மடம் முழுக்கக் கற்பூர வாசனை. நான்கு மணிக்குத் தூறல் தொடங்கியது. வண்டிமேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் போஜன் சாப்பிட உட்கார்ந்தார்.

குரு கிணற்றடியில் பூட்ஸ் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். மாரப்பன் போய் எதிரில் நின்றார். நான் பக்கத்தில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இத்தனை நாளா ஒரு கேள்வியைக் கேட்டு உங்களை இம்சை பண்ணிட்டேனுங்க," என்றார். "இனிமே கேட்க மாட்டேன். தப்பு யாருதுன்னு தெரிஞ்சு போச்சு. மூணு வருஷமாச் செத்தவன் தலையில அதைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

குரு பூட்ஸிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அன்னிக்குப் பேச்சே இல்லைன்னீங்களே. அப்புறம் வேலை எப்படிண்ணா நடந்துச்சு?"

"'கீழ'ன்னு கத்துவான், 'மேல'ன்னு கத்துவான். அது ரெண்டுதானுங்க. அதுக்குப் பேசிக்கிட்டு இருக்கணும்னு இல்லையே."

"காலையில இருந்து அது ரெண்டுதானா?"

"ஆமாங்க. நாலஞ்சு தடவை இறங்கி ஏறியிருப்பான். ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் கத்தினான்."

"கடைசித் தடவை மட்டும் ஏன் கத்தலை?"

மாரப்பன் யோசித்தார். "கத்தலைங்க. மெதுவாத்தான் சொன்னான். முதுகுக்குப் பின்னால, சரிவோரத்துல நின்னு."

"என்ன சொன்னாரு? முழுசாச் சொல்லுங்க."

"அதான் சொன்னேனுங்களே. வர்றேன்னான்."

"முழுசாண்ணா."

"வர்றேன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். தூறல் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. "'வர்றேன் மச்சான்'னு சொன்னானுங்க."

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். என்னிடம் நாற்பது முறை சொன்ன கதையில் அந்த 'மச்சான்' ஒரு முறைகூட வந்ததில்லை. விசாரணைத் தாளிலும் வந்திருக்காது. அவரே அதை இப்போதுதான் கேட்பதுபோல் நின்றார்.

"மச்சான்னு சொன்னானுங்க," என்றார் மறுபடி. "காலையில இருந்து அப்பத்தான் கூப்பிட்டான். நான் திரும்பியே பார்க்கலை."

குரு ஒரு பூட்ஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றதை எடுத்தார்.

"இனி எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு அவ வாசலுக்குப் போவேனுங்க?" என்றார் மாரப்பன். "போனாலும் என்ன சொல்றதுங்க?"

"'ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா'ன்னு தங்கச்சி கேட்டு மூணு வருஷம் ஆச்சுண்ணா," என்றார் குரு. "இன்னும் நீங்க அதுக்குப் பதில் சொல்லலை."